செவ்வாய்க்கிழமை என்ன செய்தனி? வன்னி மாணவி ஒருத்தியின் கல்லூரித் தெரிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில்தான் நடந்தது. பெறுபேறு மே 31 இல் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் தகப்பனும் மகளும் மோட்டார் சைக்கிளில் எங்கள் படலையடியில் வந்து நின்றார்கள். தகப்பனின் சேட்டுப் பொக்கற்றில் நாலாக மடித்த வழுவழுப்பான கடதாசி ஒன்று இருந்தது.

"ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ. வவுனியாவில ஒரு ஏஜென்சி. முப்பத்தஞ்சு லட்சம் கட்டினால் பிள்ளையைக் கனடாவில ஒரு கொலிஜ்ஜில சேர்த்து விடுவினமாம்."

"என்ன படிப்பு, தம்பி?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் முற்றத்தைப் பார்த்தாள். கடதாசியில் கோபுரக் கடிகாரம் ஒன்றின் படமும் 'பிசினஸ்' என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன. வேறு விபரம் ஒன்றும் இல்லை.

இந்தப் பிள்ளையின் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் 'மூத்தவள்' என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கும் அதுவே போதும். ஊர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றின் கடைசியில் உள்ள ஊர். நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில், இடம்பெயர்ந்த காலங்களில் மரத்தடிகளிலும், ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல்லூரித் தெரிவு ஆலோசனை என்பது எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் ஆங்கில விண்ணப்பம் என்றால் படலையைத் தட்டுவது என்னிடம்தான். பதினைந்து மாதம் நீண்ட இந்த ஒரு விசயத்தில் நான் விட்ட பிழைகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன், அடுத்த பிள்ளையோடு உட்காருகிறவருக்கு உதவும்.

கொப்பி

2009 மே மாதம் அவளுக்கு நாலு வயது. ஏடு தொடக்கினது செட்டிக்குளம் முகாமில். ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் எட்டு ஏ, ஒரு பி. அந்த பி ஆங்கிலத்தில். எட்டு ஏ எடுத்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் தெரிவு ஏது? உயர்தரத்தில் பயோவில், அதாவது உயிரியல் பிரிவில் போட்டார்கள். ரவுணுக்கு பஸ், அங்கே மூன்று ரியூசன். ஐந்தாம் மாதம் தானாகவே அதிபரிடம் போய், தமிழ், புவியியல், அரசறிவியல் என்று பாடத்தை மாற்றிக்கொண்டு வந்தாள். தகப்பனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "கெட்டிக்காரப் பிள்ளை ஆர்ட்ஸ் படிக்குமே, ரீச்சர்?" என்று என்னிடமே கேட்டார். ஏ.எல். இல் இரண்டு ஏ, ஒரு பி.

ஏன் மாறினாய் என்று கேட்டேன். "பயோவில தண்ணியைப் பற்றி இருக்கு. ஆனால் தண்ணி ஆருக்கு எண்டு இல்லை" என்றாள். அழகாகச் சொல்லப் பாடமாக்கி வந்த வசனமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "எங்க, காட்டு பாப்பம்" என்றேன். அடுத்த முறை வரும்போது ஒரு சி.ஆர். கொப்பி கொண்டு வந்தாள்.

2018 டிசெம்பர் 22 இல் தொடங்குகிறது அந்தக் கொப்பி. கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் அடித்த நாட்கள் அவை. அவளுக்கு அப்போது பதினாலு. முதல் பக்கத்தில் வீட்டுச் சுவரில் தண்ணி நின்ற உயரம், அவளுடைய சாணில். அதற்குப் பிறகு இரணைமடுவின் நீர்மட்டம், தகப்பன் கேட்டு வந்து சொன்ன அடிக்கணக்கில், கிழமைக்கு ஒன்றாவது. வான்கதவு திறந்த நாட்களுக்குச் சிவப்புப் பேனை. இடையிடையே சிறுபோகக் கூட்டத்தில் நடந்தவை: எத்தனை ஏக்கருக்குத் தண்ணி, எந்த வாய்க்காலுக்கு எப்போது, யார் எழும்பிச் சண்டை பிடித்தது. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'கணக்கின்படி எங்களுக்கு வியாழன் வரவேண்டும். ஞாயிறு வந்தது. மேலே மூன்று இடத்தில் மறித்திருக்கிறார்கள். மறித்தவர்களில் ஒருவர் சித்தப்பா.'

இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரின் அளவு விஞ்ஞானம். அதை எந்த வாய்க்காலுக்கு விடுவது என்பது அரசியல். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகும் திட்டத்தை இங்கத்தைய விவசாயிகள் எதிர்த்து, பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் திட்டம் வந்த கதை இரண்டையும் சேர்த்தது. எங்கள் கல்வி முறையோ பதினாறு வயதில் பிள்ளையை ஒரு கதவுக்குள் விட்டு மற்றக் கதவைப் பூட்டிவிடுகிறது. கொப்பியை மூடி வைத்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவள் இரண்டு கதவும் திறந்த இடத்தில் படிக்க வேண்டியவள்.

'கலை' என்ற சொல் செய்த குழப்பம்

அப்படிப்பட்ட இடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. தமிழில் இதற்கு ஒழுங்கான சொல் இல்லை. 'தாராளக் கலை' என்று நான் ஒருமுறை சொல்லப்போக, தாய் மிகுந்த கவலையோடு, "இவள் டான்ஸும் பழகேல்லை, ரீச்சர்" என்றார். அதோடு அந்த மொழிபெயர்ப்பைக் கைவிட்டேன்.

விசயம் இதுதான். இளமாணி மாணவர்களை மட்டுமே, அல்லது பெரும்பாலும் அவர்களையே வைத்திருக்கும் சின்னக் கல்லூரி. முதல் இரண்டு வருசம் பௌதிகமும் படிக்கலாம், தத்துவமும் படிக்கலாம். சில இடங்களில் கட்டாயம் இரண்டு பக்கமும் தொட்டுத்தான் ஆகவேண்டும். முதன்மைப் பாடத்தை இரண்டாம் வருச முடிவளவில் அறிவித்தால் போதும். வகுப்பு சிறியது, எழுத்து வேலை கூட. அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரிகள் நிறைய உண்டு. அவற்றுக்குள்ளும் வித்தியாசம் பெரிது: அம்ஹெர்ஸ்ற்றில் முதல் வருசக் கருத்தரங்கு ஒன்றைத் தவிரப் பொதுக் கட்டாயப் பாடம் என்று ஒன்றும் இல்லை. சென்ற் ஜோன்ஸில் எல்லாரும் ஒரே நூல் வரிசையைத்தான் வாசிக்க வேண்டும். கென்ரக்கியில் உள்ள பெரியா கல்லூரியில் படிப்புக் கட்டணம் யாருக்கும் இல்லை, ஆனால் ஒவ்வொரு மாணவரும் கிழமைக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம் கல்லூரி வேலை செய்ய வேண்டும்.

இது எங்களுக்குப் புதினமான சங்கதியும் இல்லை. 1823 இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் யூக்ளிட்டின் கேத்திரகணிதமும் வானியலும் தமிழ் இலக்கணமும் ஒரே பிள்ளைக்குத்தான் படிப்பித்தார்கள். அதை நடத்திய டானியல் பூவர், டார்ட்மவுத் கல்லூரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்து வந்தவர்கள். செமினறி மூடியது 1855 இல். பெரியா தொடங்கியதும் அதே 1855 இல். இதைத் தகப்பனுக்குச் சொன்னேன். "அப்ப வட்டுக்கோட்டையிலயே விட்டிருக்கலாம், தூரம் குறைவு" என்றார்.

என்னுடைய முதல் பட்டியல்

இங்கேதான் நான் சறுக்கினேன். கையில் கிடைத்த தரவரிசை ஒன்றின் மேலிருந்து பத்துப் பெயரை எடுத்துக் கொடுத்தேன். வில்லியம்ஸ், அம்ஹெர்ஸ்ற், போடொய்ன் என்று போகும் வரிசை. அதற்கு எனக்கு ஒரு நியாயமும் இருந்தது. இவற்றில் அம்ஹெர்ஸ்ற்றும் போடொய்னும் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும்போது காசு தேவையா என்று பார்க்காதவை, எடுத்தால் தேவையான முழு உதவியும் தருபவை. அது உண்மை. அப்படிப்பட்ட கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் உலகத்தில் உள்ள கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் விண்ணப்பிக்கிறார்கள் என்பதும் உண்மை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவளோ இரண்டு கிழமை அந்தப் பத்து இணையத்தளங்களையும் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ரீச்சர், எல்லாத்திலயும் ஒரே புல்வெளி. ஒரே பிள்ளையள் மரத்துக்குக் கீழ இருந்து சிரிக்கினம்."

அதற்குப் பிறகுதான் இரண்டு விசயம் செய்தோம். இரண்டையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒன்று, கேள்வியை மாற்றினோம். 'கல்லூரி நல்லதோ' என்று கேட்டால் படிக்கிற பிள்ளை யாரும் 'ஓம், நல்லது' என்றுதான் சொல்லும். தன் தெரிவைத் தானே பழிக்க யாருக்கு மனம் வரும்? அதனால் ஒரே ஒரு கேள்வி: 'போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தனி?' எழும்பினது தொடக்கம் படுக்கும் வரை. திங்களில் கிழமை தொடங்கும் பரபரப்பு இருக்கும், வெள்ளியில் லீவு மணக்கும். செவ்வாய்தான் சும்மா நாள். எத்தனை பேர் வகுப்பில், யார் கதைத்தது, என்ன எழுதினாய், யாரோடு சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு வீட்டை நினைத்து அழுதாய். மூத்தவள் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போட்டு, இலங்கை, இந்திய, நேபாள மாணவர் யாரோடாவது தொடர்பு எடுத்துத் தரக் கேட்டாள். பாதிக்கு மேல் உதவினார்கள். வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக அந்தச் சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினாள்.

மற்றது, விளம்பரத்தை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தோம். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் வருசாவருசம் ஒரு பொதுத் தரவுத் தொகுப்பு வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு 'கொமன் டேற்றா செற்' என்று தேடினால் வரும். அதில் எச்-6 என்ற பகுதியில் அந்நாட்டவர் அல்லாத எத்தனை மாணவருக்கு உதவி கொடுத்தார்கள், ஆளுக்குச் சராசரி எவ்வளவு என்று இருக்கும். மொத்தச் செலவிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தால் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை ஓரளவு பிடிபடும். சி-7 இல் அனுமதிக்கு எதைப் பெரிதாகப் பார்க்கிறார்கள் என்பது இருக்கும். ஐ-3 வகுப்புகளின் அளவைச் சொல்லும். 'சிறு வகுப்புகள்' என்று முகப்பில் எழுதிய ஒரு கல்லூரியின் ஐ-3 ஐப் பார்த்தபிறகு அவளே அதன் பெயரை வெட்டினாள். இதற்கெல்லாம் ஏஜென்சி தேவையில்லை. கொழும்பு புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனை கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் பாவித்தோம்.

பத்து ஏழானது, அதில் ஆறு புதிய பெயர்கள். மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள கொலிஜ் ஒவ் தி அற்லான்ரிக் அவளை அப்படியே பிடித்துக்கொண்டது. அங்கே முதன்மைப் பாடம் ஒன்றே ஒன்றுதான், மனித சூழலியல். மொத்த மாணவர் ஏறத்தாழ முன்னூற்றைம்பது பேர். தகப்பன் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "அது கம்பஸோ, ரியூசன் சென்ரரோ?" என்றார்.

கடதாசிகள்

விண்ணப்பக் காலத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, இரண்டு சம்பவம் போதும்.

அமெரிக்கக் கல்லூரிக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் பழக்கமானது நற்சான்றிதழ்: 'நன்னடத்தை உடையவர், விளையாட்டிலும் பங்குபற்றியவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' புவியியல் ஆசிரியர் எழுதித் தந்ததும் அச்சொட்டாக அதுவே. அந்தக் கடிதத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும் போடலாம். நான் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "சேர், இவளால உங்களுக்கு வந்த ஒரு கரைச்சலைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அரை மணித்தியாலம் கதைத்தார். வரைபடத்தில் வாய்க்காலின் சரிவு பிழை என்று வகுப்பில் எழும்பிச் சொன்னாளாம். அவர் பேசி இருத்தினாராம். சனிக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாம். அதைத் தமிழில் எழுதச் சொல்லி நான் ஆங்கிலப்படுத்தினேன், அவர் வாசித்துக் கையெழுத்து வைத்தார்.

ஆங்கிலத் தேர்ச்சிக்கு டுவோலிங்கோ பரீட்சை எடுத்தாள். வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், அப்போது அறுபது எழுபது டொலருக்குள் முடிந்தது. ஆனால் கமரா முழுநேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, கண் திரையை விட்டு விலகக்கூடாது. முதல் முறை சரியாகப் பேச்சுப் பகுதியில் தம்பிக்காரன் கதவைத் திறந்து, "அக்கா, மாடு கட்டையை இழுத்துக்கொண்டு ஓடுது" என்றான். பெறுபேறு செல்லுபடியாகவில்லை. இரண்டாம் முறை என் வீட்டு அறையில், வாசலில் நான் கதிரை போட்டுக் காவல்.

ரச்சு

"கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம், இதுக்கு எத்தினை, ரீச்சர்?" என்று தாய் ஒருநாள் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அது நல்ல உவமையாகப் பட்டது. மற்ற ஒன்பதும் பொருந்தி ரச்சு இல்லையென்றால் எங்கள் சனம் குறிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். கல்லூரித் தெரிவில் ரச்சு, காசு.

2025 மார்ச்சில் பதில்கள் வந்தன. ஏழில் ஐந்து இல்லை. ஒன்று காத்திருப்புப் பட்டியல். அமெரிக்காவின் மத்திய மேற்கில் உள்ள ஒரு சின்னக் கல்லூரி 'ஓம்' என்றது, பெரிய தொகை உதவியோடு. அன்றைக்கு அந்த வீட்டில் பாயாசம்.

அடுத்த நாள் நானும் மூத்தவளும் கணக்குக் கொப்பியோடு இருந்தோம். இந்த வகைக் கல்லூரிகள் பலவற்றில் வருசச் செலவு எண்பது, தொண்ணூறாயிரம் டொலர். டொலர் முன்னூறு ரூபா என்று வைத்தால் இரண்டரைக் கோடி. அதில் பெரும்பங்கைக் கல்லூரி தள்ளிவிட்டது. மிச்சம் 9,400 டொலர். ரூபாயில் 28 லட்சம், நாலு வருசத்துக்கு ஒரு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். மாணவர் விசாவில் தவணை நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் கிழமைக்கு இருபது மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம், கிடைப்பது பெரும்பாலும் பத்து. மணிக்குப் பத்து டொலர், முப்பது கிழமை: மூவாயிரம். மீதி 6,400 க்கு வழி? அதற்குள் விமானச் சீட்டும் குளிர் உடுப்பும் இல்லை.

ரொரன்ரோவில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் வந்தார். தொலைபேசியை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்க விட்டார்கள். "அக்கா, நான் பாக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளை வரட்டும்." தகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் உண்மையில் ஆறுதல்பட்டேன். அழைப்பு முடிந்தபிறகு தாய் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே இருந்து மெல்லச் சொன்னார்: "தம்பி சொன்னவன். மச்சாள் ஒண்டும் சொல்லேல்லை."

பதினைந்து மாதத்தில் என் காதில் விழுந்த மிகக் கூர்மையான நிதி ஆய்வு அதுதான். மாமா நல்ல மனுசன். ஆனால் அவருக்கும் வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள், இரவு வேலை. முதல் வருசம் அவர் கட்டுவார், மூன்றாம் வருசம் கட்டாமல் போனால் பிள்ளை அரைவாசிப் படிப்போடு திரும்ப வேண்டும், அக்காவும் தம்பியும் கதைக்காமல் போவார்கள். உதவியைக் கூட்டமுடியுமா என்று கல்லூரிக்கு மரியாதையாக ஒரு கடிதம் போட்டோம். ஆயிரம் டொலர் கூட்டினார்கள். காணாது. மே 1 க்குள் பதில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 29 இரவு, இல்லை என்று எழுதினாள். அவளே தட்டச்சு செய்தாள், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

அந்த மே 27 இல் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்முக நியமனங்களை நிறுத்திவைத்தது, ஜூன் 18 இல் திரும்பத் தொடங்கியது. "ரீச்சருக்கு முதலே தெரிஞ்சிருக்கு" என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் மறுத்தது காசுக்காக.

திருநெல்வேலியா, சிட்டகொங்கா

இதற்கிடையில் இன்னொரு குறிப்பு மேசையில் கிடந்தது. பங்களாதேசத்தின் சிட்டகொங் நகரில் 2008 இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். லிபரல் ஆர்ட்ஸ் முறை, ஆங்கில மொழி மூலம், பெரும்பாலானவர்களுக்குப் புலமைப்பரிசில். பட்டப்படிப்புக்கு முதல் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தயார்ப்படுத்தும் வகுப்பு உண்டு. சுற்றுச்சூழல் விஞ்ஞானமும் உண்டு, தத்துவம் அரசியல் பொருளியல் மூன்றையும் சேர்த்த பாடநெறியும் உண்டு. இலங்கையிலிருந்து, மலையகத்திலிருந்தும், பிள்ளைகள் போயிருக்கிறார்கள். 2024 ஜூலையிலேயே இதை நான் சொல்லியிருந்தேன். அடுத்த மாதம் 5 ஆம் திகதி ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். அந்தக் கிழமை முழுவதும் தொலைக்காட்சியில் எரியும் வாகனங்கள்.

தகப்பன் அன்றிரவே தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், நாங்கள் ஓடினது காணாதே? இவளையும் ஓட விடுறதே?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வற்புறுத்தினால் பிழை என்று மட்டும் தெரிந்தது. "இப்ப முடிவெடுக்க வேண்டாம், தம்பி. விண்ணப்பம் போட்டு வைப்பம். நிலைமையைப் பார்த்துக்கொண்டிருப்பம்" என்றேன். இடைக்கால அரசுக்குத் தலைமை தாங்க முகமது யூனுஸ் வந்த செய்தியைச் சொன்னபோது தாய் கேட்டது: "அந்தக் கிழமைக் கடனைத் தொடக்கி வைச்ச ஆளோ?" நுண்கடன்காரர் படலையில் வந்து நிற்கும் நாளைப் பார்த்த வன்னிப் பெண்களிடம் நுண்கடனுக்காக யூனுஸுக்குக் கிடைத்த 2006 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பற்றி விளங்கப்படுத்துவது லேசில்லை.

அமெரிக்கா விலகியபிறகு மிஞ்சியவை இரண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடமும் சிட்டகொங்கும். வவுனியாப் பல்கலைக்கழகம் கிட்ட இருந்தாலும் அங்கே கலைப்பீடம் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை யாழ் பல்கலையின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். அவள் பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் கடந்து போன வளாகம் அது, அவளுக்கு அதில் வாசல் இல்லை.

யாழ்ப்பாணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இலவசம். வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம். தாய்மொழியில் சிந்திக்கலாம். புவியியலில் நாலு வருசச் சிறப்புப் பட்டம் எடுக்கலாம். அரசாங்க வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்ற கேள்வியே இல்லை. இன்னொரு பிள்ளையென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லியிருப்பேன், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே இடைஞ்சல்: கலைப்பீடத்தால் உள்ளே போனவள் கலைப்பீடத்தால்தான் வெளியே வருவாள். மண்ணையும் நீரையும் அளக்கும் ஆய்வுகூடம் வேறு பீடத்தில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளை எடுத்து வைத்தோம். திருநெல்வேலியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளையின் செவ்வாய்: காலையில் இரண்டு விரிவுரை, குறிப்பெடுத்தல், சிநேகிதிகளோடு சாப்பாடு, நூலகம், பின்னேரம் அறைக்குத் திரும்பி அம்மாவுக்கு அழைப்பு. சந்தோசமான குரல். சிட்டகொங்கில் படிக்கும் மலையகப் பிள்ளையின் செவ்வாய்: எழுத்து வகுப்பில் ஒரே கட்டுரையை மூன்றாம் தரமும் திருப்பித் தந்துவிட்டார்கள். 'உன் வாதம் எங்கே' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மத்தியானம் சோறும் பருப்பும். பின்னேரம் புள்ளிவிபரவியல். இரவு அறைத்தோழியோடு அந்தக் கட்டுரையைப் பற்றிச் சண்டை, அவள் ஆப்கானிஸ்தான்காரி. பிறகு குளியலறையில் கொஞ்சம் அழுகை. பதினொன்றரைக்குப் படுக்கை.

இரண்டையும் கேட்டபிறகு தாய் முதலாவதைக் காட்டினார், அதில் அழுகை இல்லை என்று. மூத்தவள் இரண்டாவதைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்று தரம் போட்டாள். "என்ர வாதம் எங்க எண்டு என்னட்டை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை, ரீச்சர்."

தகப்பனின் கேள்வி வேறு: இந்தப் பட்டம் இங்கே செல்லுமா? நல்ல கேள்வி, பல வீடுகளில் காசு கட்டியபிறகுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டார், வாங்கினார், ஒரு கோப்பில் போட்டு அரிசிப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

ஆனாலும் அவர் ஓம் என்று சொன்னது அந்தக் கடிதத்துக்காக இல்லை என்றே நினைக்கிறேன். ஜூன் மாதத்தில் ஒருநாள், அந்த மலையகப் பிள்ளையின் தகப்பனோடு அவரைப் பேசவிட்டேன். தோட்டத் தொழிலாளி. என்ன கதைத்தார்களோ, நாற்பது நிமிசம். வைத்தபிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அவரும் பயந்துதான் இருந்தவராம்."

இப்போது யோசித்தால், பெற்றாரைப் பெற்றாரோடு பேசவைப்பதை நான் பதின்மூன்றாம் மாதத்தில் செய்தேன். முதல் மாதத்தில் செய்திருக்க வேண்டும். ஒரு ரீச்சர் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் ரீச்சரின் பிள்ளை போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

போனபிறகு

2025 இல் கட்டுநாயக்காவிலிருந்து டாக்கா வழியாகப் போனாள். புதூர் நாகதம்பிரான் கோவில் திருநீறு, மிளகாய்த்தூள், அந்தச் சி.ஆர். கொப்பியின் புதிய பாகம். பழையது வீட்டில்.

எல்லாம் நல்லாகப் போகிறது என்று சொன்னால் பொய். முதல் எழுத்து வேலைக்குக் குறைந்த புள்ளி. ஆங்கிலத்தில் கேட்டு விளங்குகிறது, வகுப்பில் வாய் திறக்க இரண்டு மாதம் எடுத்தது. சோறு குழைகிறதாம். முதன்மைப் பாடம் சுற்றுச்சூழலா அரசியலா என்று இன்னும் முடிவில்லை. தகப்பன் மாதம் ஒருமுறை அதைக் கேட்கிறார்.

நகரத்தை ஒட்டி ஓடுவது கர்ணபூலி ஆறு. 1962 இல் அந்த ஆற்றை மறித்துக் கப்தாய் அணையைக் கட்டியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடு வயலை இழந்தார்கள், பெரும்பாலும் சக்மா மக்கள். அறைத்தோழிகளில் ஒருத்தி சக்மா. 'ரீச்சர், இவளின்ர அம்மம்மாவின்ர வீடு தண்ணிக்குக் கீழ' என்று ஒரு குரல் பதிவு வந்தது. அதோடு ஏழு நிமிசம் கேள்விகள்தான்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை அடித்தபோது அவளுக்கு வீட்டோடு இரண்டு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. கிடைத்ததும் தகப்பன் பழைய கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அவள் போன நாளிலிருந்து நீர்மட்டத்தை அவரே எழுதி வந்திருக்கிறார், எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல். 28 ஆம் திகதிக்கு நேரே இப்படி இருந்தது: 'குளத்தடிக்குப் போக ஏலாது. பாலத்துக்கு மேலால தண்ணி.'

அவள் போட்ட பதிலை எனக்கும் அனுப்பியிருந்தார். 'அப்பா, எந்தப் பாலம்? எத்தினை மணிக்கு?'